பதினேழாம் நாற்காலியின் சூடு

பதினேழாம் நாற்காலியில் உட்காரும் ஆளுக்குச் சிறுநீர்ப்பையே கிடையாது என்றுதான் மேகலா முதலில் நினைத்தாள். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மாலை ஆறு மணிதான். டீக்கு எழுவதில்லை, சாப்பாட்டுக்கு எழுவதில்லை, சோம்பல் முறிக்கக்கூட எழுவதில்லை. முப்பது வேலை நாட்களில் அந்த நாற்காலி ஒரு நிமிடம்கூட ஆறவில்லை.

அதைவிட விசித்திரம், அதே பகுதியில் இருந்த மற்ற முப்பத்தொன்பது நாற்காலிகளிலும் ஈ, காக்கை கிடையாது. ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து ஒருவரும் வந்து உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. நாற்பது பேர் வேலை செய்ய வேண்டிய இடத்தில் ஒரே ஒருவர் மட்டும் ஒன்றரை மாதமாகத் தவம் செய்துகொண்டிருக்கிறார்.

மேகலா கோயம்புத்தூரில் ஓர் இட அளவீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர். எந்த அலுவலகத்தில் எந்த இடம் எவ்வளவு பயன்படுகிறது என்று உணரிகள் சொல்வதைப் படித்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. அந்த உணரிகள் கேமராக்கள் இல்லை. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண், அவ்வளவுதான். அது முகத்தைப் பார்க்காது, பெயரைக் கேட்காது. எதிரே உடம்புச் சூடு இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும்.

இது வந்த புதிதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆளில்லாத அறையில் ஏசி ஓடவில்லை, விளக்கு எரியவில்லை. பிறகு யாரோ ஒரு புத்திசாலி நாற்காலியையும் வேலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். முப்பது வேலை நாள் ஆறிக் கிடக்கும் நாற்காலி காலாவதி. தினமும் பகலில் கால்வாசி நேரத்துக்கு மேல் ஆறிக் கிடந்தாலும் அதே கதிதான். நாற்காலி காலாவதியானால் அதில் உட்கார்ந்தவரின் வேலையும் காலாவதி. யாரையும் யாரும் வேலையை விட்டு நீக்குவதில்லை என்பதால் யாருக்கும் மனம் உறுத்தவில்லை. சட்டமும் தலையை ஆட்டிவிட்டது.

மேகலாவுக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. போன வருடம் திருப்பூரில் பன்னிரண்டு நாற்காலிகள் காலாவதி என்று கையெழுத்துப் போட்டாள். அந்தப் பன்னிரண்டு பேரை அவள் பார்த்ததே இல்லை. எண்களை மட்டும்தான் பார்த்தாள். அந்த எண்கள் இன்னும் அவளுக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை காலை பெங்களூரிலிருந்து மேலதிகாரி பத்மநாபன் கூப்பிட்டார். படத்தில் மேசை விளிம்பு சாய்வாக விழுந்திருந்தது என்பதற்காக ஓர் அறிக்கையை மூன்று முறை திருப்பி அனுப்பிய மனிதர் அவர்.

"என்ன மேகலா, கிழக்குப் பகுதி இன்னும் கையெழுத்தாகலையே?"

"ஒரு சின்ன சந்தேகம் சார். அந்தப் பதினேழாம் நம்பர்..."

"சிஸ்டம் அவரைச் சிறந்த ஊழியர்னு பரிந்துரை பண்ணியிருக்கு. பாத்தேன்."

"சார், ஒரு மனுஷன் ஒன்பது மணி நேரம் எந்திரிக்காம இருக்க முடியுமா சார்?"

"என்னால முடியாது" என்றார் பத்மநாபன். "எனக்கு சுகர். சரி, நேர்ல போய்ப் பாருங்க. ஆனா அஞ்சு மணிக்குள்ள படத்தோட அறிக்கை வரணும். அதுக்கு மேல சிஸ்டம் தானே முடிவெடுத்து மூடிரும். அப்புறம் உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது."

அந்தக் கட்டடம் சரவணம்பட்டியில் இருந்தது. விவசாயிகளின் பயிர்ச் சேதப் புகார்களைத் தொலைபேசியில் விசாரித்து, காப்பீடு உண்டா இல்லையா என்று சொல்லும் நிறுவனம். மேகலா மூன்றாம் மாடிக்கு ஏறிக் கிழக்குப் பகுதியின் கதவைத் தள்ளியபோது மணி மூன்றே கால். உள்ளே தூசியும் இருட்டும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவளின் காதில் சந்தைக்கடைச் சத்தம் வந்து விழுந்தது.

"வாழை காத்துல சாஞ்சுதுங்களா, மழைல சாஞ்சுதுங்களா? ரெண்டுக்கும் வேற வேற ஃபாரமுங்க!"

"நீங்க அழுவாதீங்கய்யா, நான் எழுதிக்கிறேன். எத்தனை மரமுங்க?"

ஏறக்குறைய எல்லா நாற்காலிகளிலும் ஆட்கள். காதில் கருவியும் வாயில் பேச்சுமாக ஒவ்வொருவரும் ஒரு வயற்காட்டைக் கட்டி ஆண்டுகொண்டிருந்தார். அவள் பைக்குள் இருந்த அறிக்கைப்படி இவர்களில் ஒருவரைத் தவிர யாரும் இங்கே இல்லை.

மேகலா கைக்கணினியைத் திறந்து பார்த்தாள். 'நாற்காலி 22: காலி' என்றது. இருபத்திரண்டில் ஒரு கனத்த மனிதர் முறுக்கைக் கடித்துக்கொண்டு மாட்டுத் தீவனச் சோளம் பற்றி யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் பார்த்தாள், உணரிக் கண்ணைக் காணோம். கூரை மிக உயரம் என்பதால் இந்தப் பகுதியில் மட்டும் கண்களை மேசைத் தடுப்பிலேயே, உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சுக்கு நேராகப் பதித்திருந்தார்கள். அவள் குனிந்தாள்.

கண் இருந்தது. அதன் மேல் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம். சந்தனத்தின் நடுவே குங்குமம். காய்ந்து, ஓரத்தில் வெடித்து, கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த மேசையைப் பார்த்தாள். அதிலும் பொட்டு. அதற்கடுத்த மேசையிலும் பொட்டு.

"ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?" என்றபடி ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். அந்தப் பகுதிக்கு மேற்பார்வையாளர், பெயர் தனபாக்கியம். மேகலா தன் அடையாள அட்டையைக் காட்டியதும் அவள் முகத்தில் ரத்தம் வற்றியது.

"இந்தப் பொட்டெல்லாம் யார் வெச்சது?"

"அதுங்களா?" தனபாக்கியத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "நம்ம ராக்கியப்பண்ணனுங்க. கட்டடப் பராமரிப்பு. இருங்க, கூப்புடறேன்."

ராக்கியப்பன் கையில் ஸ்பானருடன் வந்தார். கேள்வியைக் கேட்டதும் பெருமையாகச் சிரித்தார்.

"நாந்தானுங்க வெச்சேன். பூசையன்னைக்குக் கம்ப்யூட்டருக்கு வெச்சோம், பிரிண்டருக்கு வெச்சோம், லிப்டுக்கு வெச்சோம். இது புதுசா வந்த கருவியாச்சுங்களே. இதை மட்டும் உட்டுப்போட்டா நல்லாவாங்க இருக்கும்?"

"மத்த பகுதியில எல்லாம் வெக்கலையாண்ணா?"

"அங்கெல்லாம் கூரைல இருக்குதுங்க மேடம். ஏணி எட்டலீங்க. எனக்கே அது மனசுக்குக் கொறைதான்."

"அதுக்கப்புறம் யாரும் இதைத் தொடைக்கலையா?"

ராக்கியப்பன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "பூசைப் பொட்டைப் போயி ஆராச்சும் தொடைப்பாங்களாங்க? தானா உதுந்தாத்தான்."

மேகலாவின் சொந்த ஸ்கூட்டரின் முகப்பு விளக்கில் போன வருடச் சந்தனம் இன்னும் இருக்கிறது. நூறு கோடி ரூபாய் கொட்டி உருவாக்கிய கருவியை ஒரு விரல் சந்தனம் குருடாக்கியிருந்தது. அதைத் தயாரித்தவர்கள் தூசியை யோசித்திருந்தார்கள், ஈரத்தை யோசித்திருந்தார்கள். பக்தியை யோசிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நின்ற இடத்திலேயே, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முப்பத்தொன்பது பேரின் வேலை பிழைத்தது என்று நினைத்தாள்.

சிரிப்பு அடங்கியபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"அப்போ பதினேழுக்கு மட்டும் பொட்டு இல்லையா?"

சந்தைக்கடைச் சத்தம் சட்டென்று குறைந்தது. இரண்டு பேர் காதுக் கருவியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பதினேழாம் நாற்காலியில் ஓர் ஒல்லியான இளைஞன் உட்கார்ந்திருந்தான். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தான். அவன் எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்த மேசைப் பெண் ஒருத்தி வந்து அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் மேகலாவைக் கவனித்தாள். எழுவதா, இருப்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றாள்.

தனபாக்கியம் மேகலாவின் கையைப் பிடித்துத் தேநீர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அது பெல்சியாவோட சேருங்க" என்றாள். "புள்ளைக்கு ஏழாம் மாசத்துலயே வலி வந்துருச்சு. குழந்தை ஒண்ணே கால் கிலோ. எதுத்தாப்புல ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்காங்க. இவ பதினொரு மணிக்கு ஒருக்கா, மூணு மணிக்கு ஒருக்கா போயிப் பால் குடுத்துப்போட்டு வரோணும், ஒவ்வொருக்காவும் ரெண்டு மணி நேரமாவுமுங்க. லீவெல்லாம் பிரசவத்துக்கு முந்தியே படுத்த படுக்கையா இருந்ததுல தீந்துபோச்சு. சேரு ஆறுனா வேலை போயிரும். வேலை போச்சுன்னா காப்பீடு போயிரும். காப்பீடு போச்சுன்னா அந்தப் பொட்டிய உட்டு வெளிய எடுத்துருவாங்களேங்க."

"அதனால நீங்க..."

"பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கறதில்லீங்களா? அந்த மாதிரித்தான். ஆனா இது துண்டை நம்ப மாட்டேங்குது, ஒடம்பைக் கேக்குது. அதனால ஆளுக்கு இருவது நிமிசம். அவ வேலையையும் நாங்களே பாத்துருவோம், ஒரு புகார்கூட நிக்கறதில்லை. அந்தக் கண்ணை மட்டும் தினமும் காலைல மூக்குக் கண்ணாடி தொடைக்கற துணியால தொடைச்சு வெப்போம், சூடு நல்லாத் தெரியோணும்னு. பூசை முடிஞ்ச மறுநாளும் பழக்கத்துல தொடைச்சுப்போட்டோம்."

"அவங்க பாத்ரூம் போறப்பக்கூட யாராவது உக்காந்தீங்களா?"

தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். "பயமுங்க. கொஞ்சம் ஓவராத்தான் பண்ணிப்போட்டோம்."

மேகலா தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

"இப்பென்னங்க, எல்லாப் பொட்டையும் தொடைச்சுட்டாச் சரியாப் போயிருமல்லோ?" என்றாள் தனபாக்கியம்.

"தொடைச்சா இனிமேத்தான் பாக்கும். போன முப்பது நாள் போனதுதான். கருவி பழுதுன்னு நான் எழுதிக் குடுக்கலாம். ஆனா அப்படி எழுதினா சிஸ்டம் சரிபார்க்கும். நல்லா இருக்கற கண்ணை ஆதாரமா வெச்சுக்கும். வாசல் மிதியடியில உங்க ஒவ்வொருத்தரோட எடையும் பதிவாயிருக்கு, சரிபார்ப்புன்னு வந்தா மட்டும் அதை எடுக்கும். எடைக்குத் தக்க சூடு மாறும்ங்கறதால, பதினேழாம் சேர்ல இருந்த சூடு யார் யாரோடதுன்னு ஒண்ணு ஒண்ணாப் பொருத்திப் பாத்துரும்."

"பாத்தா?"

"போலி இருக்கைன்னு எழுதும். அதுல உக்காந்தவங்க அத்தனை பேரும் வெளிய. எத்தனை பேர் உக்காந்தீங்க?"

"எல்லாருந்தானுங்க" என்றாள் தனபாக்கியம். "ராக்கியப்பண்ணன்கூட ரெண்டு நாள் உக்காந்தாரு."

மேகலா அப்படியே சாய்ந்து நின்றாள். கையெழுத்துப் போட்டால் முப்பத்தொன்பது பேருக்கு வேலை போகும். பழுது என்று எழுதினால் நாற்பது பேருக்கும் போகும், கூடவே ராக்கியப்பனுக்கும். மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது. ஐந்து மணிக்குக் கணினி தானாக முடித்துவிடும், அதற்கு யாருடைய குழந்தையும் தெரியாது.

விதித் தொகுப்பைத் திறந்தாள். பயிற்சிக் காலத்தில் தூக்கக் கலக்கத்தில் படித்த பக்கங்கள். தள்ளிக்கொண்டே போனாள். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஒரு பகுதியில எல்லாக் கண்ணும் மறைஞ்சிருந்தா அது பார்வையற்ற பகுதி" என்று மெதுவாகச் சொன்னாள். "ஆய்வு நாளன்னிக்கு எடுத்த படத்துல எல்லாமே மறைஞ்சிருக்கணும். அப்போ அதுவரைக்கும் எழுதினது எதுவுமே செல்லாது. ஒப்பிட்டுப் பாக்க ஆதாரமில்லாததால சரிபார்ப்பும் கிடையாது. திங்கக்கிழமையிலிருந்து புதுசா முப்பது நாள் எண்ணணும்."

"எல்லாக் கண்ணுமா?"

"எல்லாமே. இங்க ஒண்ணே ஒண்ணு திறந்திருக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திங்கக்கிழமைக்கு அப்புறம் அவ என்ன பண்ணுவாளுங்க? மறுபடி இதேதானே?"

"வேண்டாம். எண்ண ஆரம்பிக்கறதுக்கு முந்தியே பதினேழைப் பங்கு இருக்கைன்னு எழுதிக் குடுத்துருங்க. எத்தனை பேர் வேணாலும் மாத்தி மாத்தி உக்காரலாம். சொல்லாம செஞ்சாத்தான் குத்தம்."

"அப்படியொரு வழி இருக்குதுங்களா?" தனபாக்கியத்தின் குரல் உயர்ந்தது. "இத்தனை நாளா எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியேங்க!"

"சொல்றதுக்கு எங்கள்ல யாரும் இங்க வந்ததே இல்லையே" என்றாள் மேகலா. அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பதினோரு வருடப் பணியில் அவள் ஓர் எண்ணைக்கூட மாற்றியதில்லை. பத்தில் ஒன்றைப் பதினொன்றில் ஒன்று என்று எழுதியதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. திருப்பூரின் பன்னிரண்டு எண்களும் சுத்தமான எண்கள்தான். அந்தச் சுத்தத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்று இப்போது யோசித்தாள். இந்தப் பகுதியில் முப்பத்தொன்பது கண்கள் தெரியாமல் பொய் சொல்லியிருந்தன. பார்வையுள்ள ஒரே கண்ணும் பொய்தான் சொல்லியிருந்தது. உண்மை என்னவோ நாற்காலிகளில் உட்கார்ந்து வாழை மரங்களை எண்ணிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தாள். "ராக்கியப்பண்ணா, சந்தனம் இருக்குதுங்களா?"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. மோட்டார் அறையில் மாட்டியிருக்கும் பிள்ளையார் படத்தடியிலிருந்து ஒரு சிறு கிண்ணத்தில் குழைத்தே கொண்டுவந்தார். மேகலா பதினேழாம் மேசைமுன் மண்டியிட்டாள். விரலால் எடுத்து அந்தக் கண்ணாடிக் கண்ணின் மேல் அப்பினாள். அவள் கைக்கணினியில் ஆள் இருப்பதைக் காட்டிக்கொண்டிருந்த ஒரே சிவப்புப் புள்ளியும் அணைந்தது. யாருடைய தொலைபேசியிலோ ஒரு விவசாயி "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நாற்பது படங்களை நேராக, விளிம்பு சாயாமல், ஒவ்வொன்றாக எடுத்தாள். அறிக்கையில் 'பார்வையற்ற பகுதி' என்று எழுதி அனுப்பியபோது நாலு நாற்பது.

நாலு ஐம்பதுக்குப் பத்மநாபன் கூப்பிட்டார்.

"படமெல்லாம் பாத்தேன் மேகலா. நேராத்தான் இருக்கு."

"தாங்க்ஸ் சார்."

"முப்பத்தொன்பது பொட்டு காஞ்சு வெடிச்சிருக்கு. பதினேழு மட்டும் ஈரமா மினுங்குது."

மேகலா கண்ணை மூடிக்கொண்டாள். சுற்றிலும் நாற்பது பேர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரு அங்க உக்கார்றது?" என்றார் பத்மநாபன்.

"ஒரு பொண்ணு சார். குழந்தை ஆஸ்பத்திரியில இருக்கு. எடை பத்தாது. பால் குடுக்கப் போயிருக்காங்க. இவங்க எல்லாருமா அந்தச் சேரை..."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க வீட்லயும் ஆயுத பூஜை உண்டு மேகலா" என்றார் கடைசியில். "சந்தனத்தை மட்டும் அப்பிட்டு யாரும் விட மாட்டாங்க. மேல குங்குமம் எங்க?"

"சார்?"

"மத்த எல்லாத்துலயும் குங்குமம் இருக்கு. இதுல இல்லை. பாக்கறவன் எவனுக்கும் சந்தேகம் வரும். ஒம்போது நிமிஷம் இருக்கு. குங்குமம் வெச்சு, நல்லாக் காய விட்டு, இன்னொரு படம் அனுப்புங்க." போனை வைக்கப் போனவர் மறுபடி பேசினார். "அவசரத்துல படம் கொஞ்சம் சாஞ்சிருந்தாலும் பரவாயில்லை."

மேகலா அழுதாள். அழுதுகொண்டே "குங்குமம், குங்குமம்" என்றாள். ஐந்தாறு கைப்பைகள் ஒரே சமயத்தில் திறந்தன. தனபாக்கியம் பொட்டு வைத்தாள். முறுக்குக்காரர் காகிதக் கோப்பு ஒன்றை எடுத்து விசிறினார், அவரைப் பார்த்து எல்லோரும் கையில் கிடைத்ததை எடுத்து விசிறினார்கள். ராக்கியப்பன் எங்கிருந்தோ ஒரு மேசை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நாலு ஐம்பத்தேழுக்குப் படம் போனது. நாலு ஐம்பத்தெட்டுக்கு 'ஏற்கப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. மேகலா அதை உரக்கப் படித்தாள். அந்தக் கட்டடத்தில் அப்படியொரு கூச்சல் அதுவரை எழுந்திருக்காது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் பெல்சியா உள்ளே வந்தாள். சிறுத்த முகம், மேலே பால் கறை படிந்த துப்பட்டா. ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

"ஒண்ணே முக்கால் கிலோக்கா!" என்று வாசலிலிருந்தே தனபாக்கியத்தைப் பார்த்துக் கத்தினாள். "அடுத்த வாரம் பொட்டியை உட்டு எடுத்துரலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க!" பிறகு கூட்டத்தைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், தன் மேசையில் புதிதாக முளைத்திருந்த பொட்டைப் பார்த்தாள். "என்னக்கா, இன்னைக்கும் பூசையா?"

"ஆமா கண்ணு, இன்னைக்குந்தான்" என்றாள் தனபாக்கியம். "நீ போயி உக்காரு."

பெல்சியா ஒன்றும் புரியாமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் திடுக்கிட்டு எழுந்தாள். முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, சேரு சில்லுன்னு இருக்குதே! யாரும் உக்காரவே இல்லீங்களா?"

இல்லை என்று நாற்பது பேரும் சேர்ந்து சொன்னார்கள்.